சீசனுக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையின் கர்நாடக இசை சீசனில் எந்தெந்த சபா அரங்கில் கச்சேரி கேட்பது என்று போட்ட தன் டிசம்பர் அட்டவணையை, அலுவலகத்தில் ஒரு தம்பி காட்டினான். நான்கு மணிக்கு தி. நகர், ஐந்தரைக்கு மயிலாப்பூர், ஏழு மணிக்கு மியூசிக் அகாடமி. பதினைந்து வருடத்துக்கு முன் நான் போட்ட அட்டவணையேதான், அச்சு அசலாக. போனை சைலண்டில் வைக்கச் சொல்லி இங்கே எழுதப் போவதில்லை. அது அவனுக்கே தெரியும்.

சபா விட்டு சபா தாவுவது

இந்த எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த வரிசையில்தான் இன்றும் பெரும்பாலான கச்சேரிகள் நடக்கின்றன. முதலில் வர்ணம், சில சின்ன உருப்படிகள், அப்புறம்தான் மெயின், அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படி. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மெயின் வருவதற்கே பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதில் ராக ஆலாபனை, வயலின்காரரின் பதில், கீர்த்தனை, அதில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல், ஸ்வரம், மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம். பிறகு துக்கடா என்னும் சின்னப் பாட்டுகள், முடிவில் மங்களம். அதாவது, சரியாக ஒரு மணி நேரத்தில் எழுந்து போகிறவர் இலை போட்டு உப்பு வைத்ததும் கை கழுவுகிறவர்.

நானும் அப்படி ஒரு மாலை எழுந்தேன். கதவைத் தாண்டும்போது தோடி ராகத்தின் முதல் பிடி காதில் விழுந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். வாசலில் ஆட்டோ நின்றதே! லஸ் முனையில் மாட்டி, அடுத்த சபாவுக்குள் நுழைந்தபோது தனி ஆவர்த்தனம் பாதி முடிந்திருந்தது. எந்தப் பாட்டுக்கு வாசிக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. விடுகதையைக் கேட்காமல் விடையை மட்டும் கேட்ட மாதிரி. வர்ணம் ஒரு சபாவில், மங்களம் இன்னொரு சபாவில், நடுவில் முழுக்க ஹாரன். இரண்டுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன்.

ஒரே நாளில் இரண்டு கேட்டே ஆக வேண்டுமா? முதலாவதை மங்களம் வரை கேளுங்கள். அடுத்தது பக்கத்தில் இருக்கட்டும். அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன.

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போவது

மிருதங்கக்காரருக்குக் கண் உண்டு.

மதியக் கச்சேரியை ஒதுக்குவது

பெரும்பாலும் கட்டணம் கிடையாது. நாளைக்கு மாலை மேடைக்கு வரப்போகிறவர்கள் இன்று அங்கேதான் பாடுகிறார்கள்.

ராகம் தெரியவில்லையே என்று கூச்சப்படுவது

பக்கத்து சீட் மாமாவைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

மார்கழி என்றால் சபா மட்டும்தான் என்று நினைப்பது

2020-இலிருந்து நீலம் பண்பாட்டு மையத்தின் 'மார்கழியில் மக்களிசை' இருக்கிறது. கானா, ஒப்பாரி, பறை, ஹிப்ஹாப் எல்லாம் கேட்கலாம். தவிர, சினிமாவைச் சாராமல் தனிப்பாடல் போடும் இண்டி இசைக்குழுக்களும் ஆண்டு முழுக்க மேடை ஏறுகின்றன. அவசியம் போங்கள்.

ஆனால் ஸ்பீக்கரை ஒட்டி நிற்காதீர்கள். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரம். எல்லா இடத்திலும் யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை. பஞ்சு போதாது, இயர்பிளக் வேண்டும். ஓர் இரவு முன்வரிசையில் ஆடிவிட்டு, மறுநாள் காலைக் கச்சேரியில் ரீங்கரிப்பது தம்புராவா என் காதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.