மார்மன் போதனையில் தேவ அன்பு: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்மன்கள் என்று நாம் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்கள் தேவ அன்பைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று எழுத வருகிறவர்கள், தங்களுக்குப் பழகிய தேவனையே அங்கேயும் தேடுகிறார்கள். பல பிழைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் 17ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவனுக்கு உடலும் இல்லை, உணர்ச்சிகளும் இல்லை என்கிறது. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் போதித்த பரலோகப் பிதாவுக்கோ மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு. மனிதர் எல்லாரும் அவருடைய ஆவிப் பிள்ளைகள். பெற்றவருக்கு உள்ள பாசம்தான் அவருடைய அன்பு.

1830 டிசம்பரில் ஸ்மித் தந்த, மார்மன்கள் வேதமாகக் கொள்ளும் ‘மோசே’ நூலின் ஏழாம் அதிகாரத்தைப் படிக்காமல் இந்தப் பொருளைத் தொடவே கூடாது என்பேன். அதில், பிரளயத்துக்கு முன் வாழ்ந்த தீர்க்கதரிசியான ஏனோக்கு, கெட்டுப்போன மனிதருக்காகத் தேவன் அழுவதைக் காண்கிறார். பரிசுத்தரும் நித்தியருமான நீர் எப்படி அழ முடியும் என்று திகைத்துக் கேட்கிறார். இவர்கள் என் கைகளின் படைப்பு, இவர்களுக்குத் தாங்களே தேர்ந்தெடுக்கும் சுயாதீனம் கொடுத்தேன், ஒருவரையொருவர் நேசிக்கச் சொன்னேன், இவர்களோ சொந்த இரத்தத்தையே பகைக்கிறார்கள் என்கிறார் தேவன். அவர்கள்மேல் வரவிருந்த பிரளயத் தீர்ப்பு நீங்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை. சுயாதீனத்தைக் கொடுத்தவர், அதனால் வரும் வேதனையையும் ஏற்கிறார்.

அடுத்த தவறு, 2003இல் ரசல் எம். நெல்சன் எழுதிய கட்டுரையை அரைகுறையாக வாசிப்பது. அப்போது சபையின் மூத்த தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த அவர், பின்னாளில் சபைத் தலைவரானார். தேவ அன்பு பூரணமானது, முடிவற்றது, எல்லாருக்கும் உரியது, ஆனால் நிபந்தனையற்றது என்று சொல்லிவிட முடியாது என்றார். உடனே, ‘கீழ்ப்படியாதவரை மார்மன் தேவன் நேசிப்பதில்லை’ என்று முடிவுகட்டினார்கள். உண்மையில், எப்படி நடந்தாலும் சரிதான், மனந்திரும்பத் தேவையில்லை என்ற எண்ணத்தைத்தான் நெல்சன் மறுத்தார். மேலான ஆசீர்வாதங்களுக்குத்தான் கீழ்ப்படிதல் வேண்டும். காயப்பட்ட மனதுக்கு அவருடைய சொற்கள் கடுமையாகப் படும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏனோக்கு கண்ட தேவன் யாருக்காக அழுதார்? கீழ்ப்படியாதவர்களுக்காக.

மார்மன்களின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தில், லேகி என்ற தீர்க்கதரிசியின் கனவையும் இப்படித்தான் திரிக்கிறார்கள். கனவில் வரும், கனி தரும் மரம் தேவனுடைய அன்பு. அதற்கு வழிகாட்டும், தேவ வார்த்தையைக் குறிக்கும் இரும்புக் கோலைக் கனிக்கான விலையாக்கிவிடுகிறார்கள். கனவில் மரத்தைக் காவல் காப்பவர் எவருமில்லை. கனியைத் தின்றபின் சிலர் வெட்கப்பட்டு விலகிப்போகிறார்கள், யாரும் அவர்களைத் துரத்தவில்லை.

சபைக்கு வெளியே இருப்பவர்களை இந்தத் தேவன் கைவிடுகிறார் என்பதும் தவறு. 1832இல் ஒஹாயோவில் ஸ்மித் கண்ட தரிசனம், மறுமையில் மூன்று மகிமைகள், அதாவது மூன்று நிலைகள், இருப்பதாகச் சொல்கிறது. அவற்றில் மிகக் கீழானதே மனித அறிவுக்கு எட்டாதது என்கிறது. மிகச் சிலரைத் தவிர எல்லாரும் ஏதோ ஒரு மகிமையைச் சுதந்தரிப்பார்கள்.