பாலிமர் வடிசவ்வில் நானோதுகள் சேர்ப்பது: கரைசல் முதல் சோதனை வரை

பாலிஈதர்சல்ஃபோன் போன்ற பாலிமரால் ஆன வடிசவ்வுகள் வலுவானவை. ஆனால் அவை நீரை எளிதில் ஏற்பதில்லை என்பதால் புரதமும் எண்ணெயும் அவற்றின் மேல் விரைவில் படிந்து துளைகளை அடைத்துவிடுகின்றன. நீர்நாட்டமுள்ள டைட்டானியம் டைஆக்சைடு அல்லது சிலிக்கா நானோதுகள்களைச் சேர்த்தால் இக்குறை தணியும். எந்தத் துகள், எத்தனை சதவீதம் என்பதைவிட, துகள்கள் திரளாமல் கரைசலில் பரவியிருக்கின்றனவா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த ஒரு படிக்கே செல்கிறது.

முதலில் அளவு. சவ்வாக வார்க்கப்படும் கரைசல் (வார்ப்புக் கரைசல்) 100 கிராமுக்குப் பாலிஈதர்சல்ஃபோன் 18 கிராம், துளையாக்கியாகப் பாலிவினைல்பைரோலிடோன் 2 கிராம், டைட்டானியம் டைஆக்சைடு 0.18 கிராம், மீதி கரைப்பானான டைமெத்தில்அசிட்டமைடு. இங்கே துகள் பாலிமரின் எடையில் 1%. முழுக் கரைசலின் எடையில் 1% என்று கொண்டால் துகள் 1 கிராம் ஆகிவிடும். அது பாலிமரில் ஏறத்தாழ 5.6%. ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிடும்போது எந்த எடையை அடிப்படையாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இந்தக் கரைப்பான் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும், இனப்பெருக்க நலனுக்கும் கேடானது. தகுந்த கையுறை அணிந்து, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வேலை செய்யுங்கள். நானோதூளையும் அங்கேயே எடை போடுங்கள்.

அடுத்தது துகள்களைப் பரப்புதல். துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் அவற்றைத் திரளச் செய்யும் என்பதால், தூளையும் பாலிமரையும் முன்னதாகவே அடுப்பில் உலர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு தூளைக் கரைப்பானில் மட்டும் இட்டு மீயொலி கொடுக்க வேண்டும்; பாலிமரைச் சேர்த்த பின் நெடுநேரம் மீயொலி கொடுத்தால் பாலிமர்ச் சங்கிலிகள் அறுபடக்கூடும். மீயொலித் தொட்டியைவிடக் கரைசலுக்குள் இறங்கும் மீயொலிக் கோலையே நான் விரும்புகிறேன், ஏனெனில் திரள்களை உடைக்கப் போதிய ஆற்றலைத் தொட்டி பெரும்பாலும் தருவதில்லை. கோலைப் பயன்படுத்தும்போது குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, இடைவெளி விட்டு விட்டு இயக்குங்கள். பரவிய துகள்கள் மீண்டும் சேராதிருக்க, மொத்தப் பாலிமரில் சிறு பகுதியை மட்டும் முதலில் கரைத்தால் அது துகள்களைப் போர்த்திக்கொள்ளும். அதன் பின்னரே மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மிதமான சூட்டில் முழுதும் கரையும் வரை கலக்குங்கள். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள்: தனி நானோதுகள் அதில் தெரியாது, எனவே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் திரளே. புள்ளிகள் மிகுந்திருந்தால் அந்தக் கரைசலை வார்க்க வேண்டாம்.

காற்றுக் குமிழ்கள் வெளியேறக் கரைசலை அசையாமல் வைக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் பெரிய திரள்கள் அடியில் படியும். நன்கு பரவிய கரைசல் இந்தச் சோதனையைத் தாங்கும்.

வார்ப்பது எளிது. கண்ணாடித் தகட்டில் 200 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள வார்ப்புக் கத்தியால் இழுத்து, உடனே நீர்த்தொட்டியில் அமிழ்த்துங்கள். கரைப்பான் வெளியேற, நீர் உள்ளே நுழைய, பாலிமர் உறைந்து சவ்வாகிறது. துகள்களின் பாதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. சிறிதளவு சேர்க்கும்போது அவை நீரை ஈர்த்து இந்தப் பரிமாற்றத்தை விரைவுபடுத்துவதால் விரல் போன்ற நீண்ட துளைகள் உருவாகி நீரோட்டம் கூடும். அளவு மிகும்போது கரைசலின் பாகுநிலை ஏறிப் பரிமாற்றம் மெதுவாவதோடு, திரள்கள் துளைகளையும் அடைப்பதால் நீரோட்டம் மறுபடி குறையும். தொட்டி நீரின் வெப்பநிலையும் இதே பரிமாற்றத்தை மாற்றும் என்பதால், துகள் இல்லாத ஒப்பீட்டுச் சவ்வை அதே நாளில், அதே தொட்டியில் தயாரிப்பதைத் தவிர்க்கவே கூடாது.

சோதனையில் சவ்வை முதலில் சற்று உயர்ந்த அழுத்தத்தில் இறுக்கி, ஓட்டம் நிலைத்த பிறகு அழுத்தத்தைக் குறைத்து அளவிடுங்கள். சேர்ந்த நீரின் கன அளவைச் சவ்வின் பரப்பாலும் நேரத்தாலும் வகுத்தால் நீரோட்டம் கிடைக்கும். ஓட்டம் கூடியதை மட்டும் வெற்றியாகக் கொள்ளாதீர்கள். திரளைச் சுற்றி உண்டான விரிசலும் ஓட்டத்தைக் கூட்டும். ஏறத்தாழ 66 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள மாட்டுச் சீரம் அல்புமின் என்ற புரதத்தின் கரைசலைச் செலுத்தி, வடிந்த நீரில் எஞ்சிய புரதத்தை 280 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் குறைபாடு தெரிந்துவிடும். பிறகு சவ்வைக் கழுவி, தூய நீரோட்டம் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். அடைப்பு எதிர்ப்பைச் சொல்ல இதுவே நான் நம்பும் அளவு. தொடுகோணம் (நீர்த்துளி சவ்வின் மேற்பரப்போடு அமைக்கும் கோணம்) மேற்பரப்பின் சொரசொரப்பாலும் மாறும் என்பதால் அதை மட்டும் வைத்து நீர்நாட்டம் கூடியது என எழுத வேண்டாம்.

பிற்சேர்க்கை: புற ஊதா ஒளியில் வைத்தால் இச்சவ்வு தன்னைத்தானே தூய்மை செய்யுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். டைட்டானியம் டைஆக்சைடு அவ்வொளியில் அழுக்கைச் சிதைக்கும். ஆனால் அதே வினை சுற்றியுள்ள பாலிமரையும் தாக்கும், பாலிஈதர்சல்ஃபோன் புற ஊதாவைத் தானாகவே தாங்காது. அந்த நோக்கத்துக்கு ஒளியை மேலும் நன்கு தாங்கும் பாலிவினைலிடீன் ஃபுளோரைடைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் வடிந்த நீரில் டைட்டானியம் கசிந்து வருகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள்.