ஏற்காட்டு அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ்: 7.5 சதவீத இடத்தைக் கைநழுவ விடாமல் இருக்க

மலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வந்தாலும் நிலைப்பதில்லை என்பது பழைய குறை. மலைப் பிள்ளைகளே மருத்துவராக 2020 முதல் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நீட்டில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் கோளாறில் இடம் போவதுதான் கொடுமை.

கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. ஃபீஸ் வாங்கவில்லை என்பதால் அது அரசுப் பள்ளி ஆகிவிடாது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பதினொன்றில் உயிரியல் உள்ள குரூப்பை எடுங்கள். உள்ளூரில் அது இல்லையென்றால் சேலத்தில் அரசுப் பள்ளியும் அரசு விடுதியும் பாருங்கள். தனியார் பள்ளிக்கு மாறினால் ஒதுக்கீடு போய்விடும்.

இந்த மலையின் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல) எஸ்டி சான்றைப் பத்தாம் வகுப்பிலேயே வாங்கிவிடுவது நல்லது. வழங்குபவர் கோட்டாட்சியர் (ஆர்டிஓ), தாசில்தார் அல்ல. விசாரணை நடக்கும் என்பதால் கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் கிடைக்காது. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று அப்போதே சரிபாருங்கள்.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். விட்டுவிட்டால் கழிவு இல்லை. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வரியே இறுதி என்பதால் இரண்டையும் படித்துப் பழகுங்கள். தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு மதியம், 1.30க்கு கேட் மூடிவிடுவார்கள். ஏற்காட்டில் அது சீசன். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும். முதல் நாளே சேலத்துக்கு இறங்கித் தங்குங்கள்.

நீட் எழுதியதோடு வேலை முடியவில்லை. மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பித்து, அதில் 7.5 பிரிவைக் குறிப்பிட வேண்டும். பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டு விளக்கக் கையேட்டில் உள்ள படிவத்தில். தலைமையாசிரியர் கோடை விடுமுறைக்குப் போகும் முன் கேட்டுவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் கல்லூரி கிடைக்காமல் தனியார் கல்லூரியில் இடம் வந்தாலும் கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். 2020இல் சிலர் அப்படித்தான் இழந்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

படித்து முடித்து எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக அரசு உதவி மருத்துவரானால், பிஜி (முதுநிலை மருத்துவப் படிப்பு) மாநில ஒதுக்கீட்டில் பாதி இடம் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. மலையில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு.