ராத்திரி பரோட்டா, காலையில் ஒன்றரைக் கிலோ: மெஷின் காட்டுவது உப்பா, கொழுப்பா?

எடை குறைக்க ஆரம்பித்து பத்து நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு வெளியே போய் பரோட்டா, சால்னா, ஒரு கறிதோசை என்று சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் "நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டவர்கள் மதுரையில் நிறையப் பேர். நிறுத்தாதீர்கள். அந்த ஒன்றரைக் கிலோவில் கொழுப்பு இருந்தாலும் கொஞ்சம்தான் இருக்கும், மிச்சமெல்லாம் தண்ணீரும் வயிற்றில் இன்னும் கிடக்கிற சாப்பாடும்தான்.

ஒரு கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் நாம் செலவழிப்பதற்கு மேலே சுமார் 7,700 கலோரி உபரியாக உள்ளே போக வேண்டும். அதாவது வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இன்னும் மூன்று நாளைக்கும் அதிகமான சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட வேண்டும். எவ்வளவு சால்னா ஊற்றிக்கொண்டாலும் ஒரு ராத்திரியில் அது நடக்காது.

அப்புறம் எப்படிக் கூடுகிறது? உப்பில் இருக்கிற சோடியம் ரத்தத்தில் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று உடம்பு ரொம்பக் கறாராக இருக்கும். உப்பு அதிகமாக உள்ளே போனால் தாகம் எடுக்கும், நாம் தண்ணீர் குடிப்போம், சிறுநீரகம் அந்த உப்பை வெளியே தள்ளி முடிக்கிற வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதே விகிதத்தில்தான் உடம்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அதனால் கூடுதலாக நாலைந்து கிராம் உப்பு உள்ளே தங்கினாலே அரைக் கிலோ தண்ணீர் கூடவே தங்கும். இதோடு பரோட்டாவின் மைதா வேறு. மாவுச்சத்து கிளைகோஜனாக (கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கிற சர்க்கரை) சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். காலையில் மோதிரம் இறுகுவது, முகம் உப்பியிருப்பது, சாக்ஸ் போட்ட இடத்தில் தடம் விழுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ரெண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும்.

இதே விஷயம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். சோறு, இட்லி, தோசை மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தியவர்கள் "முதல் வாரமே மூன்று கிலோ போச்சு" என்பார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர். கிளைகோஜன் தீரும்போது அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் போகும், இன்சுலின் குறைந்ததும் சிறுநீரகம் சோடியத்தையும் சேர்த்து வெளியே விடும். நல்லது, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ரெண்டாவது வாரம் அரைக் கிலோதான் குறைந்தது என்று சோர்ந்து போகாதீர்கள், உண்மையான கொழுப்புக் குறைப்பு அந்த வேகத்தில்தான் இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உப்பில் கலோரியே கிடையாது, அதனால் உப்பைக் குறைப்பதால் மட்டும் ஒரு கிராம் கொழுப்பும் கரையாது. மறைமுகமாக உதவும், ஏனென்றால் உப்பும் எண்ணெயும் சேர்ந்த சாமான்தான் கையை நிறுத்த விடாது. காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்துப் பாதியில் மடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

சரி, எடை பார்ப்பதை முதலில் சரிசெய்யுங்கள். காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, காபி குடிக்கும் முன்னால், அதே மெஷினில், அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். தினம் எழுதி வையுங்கள், ஆனால் தினசரி எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் தண்ணீர் தங்கும், அதனால் இந்த மாதம் அந்த வாரத்தைப் போன மாதம் அதே வாரத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். புதிதாக ஜிம்மில் சேர்ந்து உடம்பு வலி எடுக்கிற வாரத்திலும் கொஞ்சம் கூடும், அதுவும் தண்ணீர்தான். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்துவிடுங்கள். எடை நின்று போய் இடுப்பு இறங்கினால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

இனி வீட்டு உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள். தினம் உப்பை எடைபோட்டு யாரும் சமைக்க முடியாது, அதனால் பாக்கெட்டை வைத்துக் கணக்குப் பிடியுங்கள். புது ஒரு கிலோ பாக்கெட் பிரிக்கிற அன்றைக்குத் தேதியை அதிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் அது 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது என்று அர்த்தம் (மீன் கழுவ, ஊறுகாய் போட எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள்). கடையில் சாப்பிடுவதும் பாக்கெட் சாமானும் இந்தக் கணக்கில் வரவே இல்லை, அது தனி.

சாம்பாரிலோ கூட்டிலோ போடுகிற உப்பைவிட, தட்டின் ஓரத்தில் வைக்கிற சாமான்களில்தான் எனக்குக் கவலை. அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பேர்போன ஊர் நம்மது. உளுந்து மாவில் உப்பு போட்டுப் பிசைவது ஒன்று, அது பொரிந்து வர அப்பளக்காரம் சேர்ப்பது இன்னொன்று, அந்தக் காரமும் சோடியம்தான். நாக்குக்கு உப்பாகத் தெரிவதில் பாதிக் கதைதான் இருக்கிறது. வத்தல், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் உப்பினால்தான் கெடாமல் நிற்கின்றன. ஒரு வேளைக்கு இதில் ஏதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இருந்தால் அன்றைக்கு மோர்மிளகாய் வேண்டாம், சாதத்திலும் உப்பு போடாமல் பிசையுங்கள். கருவாடு, உப்புக்கண்டம் என்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்து ரெண்டு முறை தண்ணீரை மாற்றிக் கொட்டிவிட்டு, குழம்புக்கு உப்பு போடாமல் கொதிக்கவிட்டு, கடைசியில் ருசி பார்த்து மட்டும் சேருங்கள். புளி, எலுமிச்சை, தக்காளி, மிளகு, சீரகம் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான் வரும்.

பாக்கெட் சாமானில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பான். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, ஒரு நாள் அளவில் பாதி. நூறு கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

விருந்துக்கு மறுநாள் என்ன செய்வது? பட்டினி கிடக்காதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடங்கள், மதியம் கீரை, சுரைக்காய், பாசிப்பருப்பு என்று வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். வாழைப்பழம், இளநீர், கீரை, பருப்பு இவற்றில் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவும். மூன்று நாள் கழித்து மெஷினில் ஏறுங்கள் போதும். தண்ணீர் இறக்குகிற மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

உப்பை அறவே விடுவதும் தப்பு. சித்திரை வெயிலில் வெளியே வேலை பார்ப்பவர்களுக்கு வியர்வையில் உப்பு போகும், அவர்கள் ஒரு சிட்டிகை உப்பு போட்ட நீர்மோர் குடிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. இந்துப்பு என்றால் சோடியம் இல்லை என்று நினைக்காதீர்கள், அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காததாக இருந்தால் அந்தக் குறை வேறு. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். 2025-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. சில பிரஷர் மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கடைசியாக, எல்லா வீக்கமும் பரோட்டாவால் வருவதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே நிரம்பாமல் அப்படியே நின்றால், நாள்கணக்கில் வடியாமல் இருந்தால், டாக்டரைப் பாருங்கள், இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், படுத்தால் மூச்சு முட்டினால், கர்ப்பிணிக்கு முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே போங்கள். ஏற்கெனவே இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ரெண்டு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பிரஷருக்குக் கொடுக்கிற ஆம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும், அதனால் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.