பல் கிளினிக்கில் செலவைக் குறைக்கப் போய்ச் செலவை ஏற்றிக்கொள்ளும் தவறுகள்

மாதக் கடைசியில் பில்களைப் பரப்பி வைத்தால் முதலில் கண்ணில் படுவது கையுறை, மாஸ்க், பஞ்சு, கருவிகளைப் போட்டுக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசேஷன் பவுச்தான். உடனே அங்கே கை வைக்கத் தோன்றும். ஆனால் பணம் அதிகம் கரைவது எந்த பில்லிலும் வராத இரண்டு இடங்களில்: சேர் காலியாகக் கிடக்கும் நேரம், செய்த வேலையையே மறுபடி இலவசமாகச் செய்யும் நேரம்.

ஏரோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று பல்லைக் குடையும் சாதனம் அது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் அவசரத்தில் சுத்தம் செய்யாமல், எண்ணெய் விடாமல் அப்படியே ஆட்டோகிளேவுக்குள் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போகும். 134 டிகிரி நீராவியைத் தினம் பல முறை வாங்கினால் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? எண்ணெய் ஸ்ப்ரே கேனில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு, பேரிங்கோடு சேர்ந்த உள்பகுதியான புது கார்ட்ரிஜுக்குப் போய்விடும். ஆட்டோகிளேவில் டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இதே ரகம்தான், உப்பு படிந்து ஹீட்டரும் வால்வும் கெடும்.

ஏரோட்டருக்கும் பல்லை உலர்த்தவும் காற்று தரும் கம்ப்ரசர் கதை இன்னும் மோசம். தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்து விடாவிட்டால் ஈரம் காற்றோடு குழாயில் ஏறி வந்துவிடும். பல்லை உலர்த்தும் காற்றே ஈரமாக இருந்தால் ஃபில்லிங்கைப் பல்லோடு ஒட்டும் பாண்டிங் எப்படிப் பிடிக்கும்? சில மாதத்தில் ஃபில்லிங் கழன்று நோயாளி திரும்பி வருவார். நாமோ பொருளின் தரம் சரியில்லை என்று பிராண்டை மாற்றிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, "பத்து வாங்கினால் இரண்டு இலவசம்". கையுறை, பஞ்சுக்கு அது சரி. பல் நிற ஃபில்லிங் பொருளான காம்போசிட், பாண்டிங் ஏஜென்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. செட்டாக வாங்கினால் ஏ2 ஷேட் (நிறச் சாயல்) சீக்கிரம் தீர்ந்துவிடும், சி4 சிரிஞ்ச் மூடி திறக்காமலே தேதி தாண்டிவிடும். தீர்ந்த ஷேடை மட்டும் தனியாக வாங்குங்கள். புதுச் சரக்கு வந்ததும் பழையதை முன்னால் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

பல் காரையைப் பெயர்க்கும் ஸ்கேலரின் டிப் தேயத் தேய மாற்றாமல் இழுப்பவர்களும் உண்டு. 1 மி.மீ. தேய்ந்தால் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போகும், 2 மி.மீ. என்றால் பாதி. அதே க்ளீனிங்குக்குக் கூடுதல் நேரம் ஆகும்.

விலை குறைவு என்று, கிரவுன் (பல் மேல் மாட்டும் உறை) செய்து தரும் லேப்பை மாற்றினால், கிரவுன் ஓரம் சரியாக உட்காராமல் திரும்பிப் போகும் கேஸ்களையும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு அப்பாயின்ட்மென்ட், இன்னொரு முறை பல் அளவெடுப்பு, நோயாளியின் எரிச்சல். அதற்காக எல்லாப் பழியையும் லேப் மேல் போடவும் முடியாது, அனுப்பிய அளவு தெளிவாக இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

கையுறையையும் பவுச்சையும் மறுபடி பயன்படுத்துவதைச் சிக்கனத்தில் சேர்க்காதீர்கள். அதில் பேரமே கிடையாது.

பெரிய மெஷின் விஷயத்தில் பக்கத்துக் கிளினிக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிபிசிடி (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) வாங்கும் முன், மாதம் எத்தனை பேரை அந்த ஸ்கேனுக்கு வெளியே அனுப்புகிறீர்கள் என்று குறித்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை தவணையைக் கட்டாது என்றால் வெளியே அனுப்புவதே லாபம்.

அப்புறம், சொல்லாமல் வராமல் போகிறவர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் வாடகை, சம்பளம், ஏசி எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முந்தைய நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். கூடவே, கூப்பிட்டால் உடனே வரக்கூடியவர்கள் பட்டியல் ஒன்று ரிசப்ஷனில் இருக்கட்டும். காலை பத்து மணிக்காரர் வரவில்லை என்றால் பத்தேகாலுக்குள் வேறொருவரை உட்கார வைத்துவிடலாம்.