ராமநாதபுரம் கடலோரத்தில் மைக்ரோகிரீன்: தட்டு வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி என்று நம் பக்கம் வீட்டோடு மைக்ரோகிரீன் (விதை முளைத்து சில நாளில் இளந்தளிராகவே அறுத்துச் சாப்பிடும் கீரை) போட நினைப்பவர்கள் முதலில் விலை கேட்பது தட்டும் விதையும்தான். தண்ணீர் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. போர் தண்ணீர் உப்பு என்று தெரிந்துதானே குடிக்க வேறு தண்ணீர் பிடிக்கிறோம்? அதே போர் தண்ணீரைத் தட்டில் தெளித்தால் விதை முளைக்கத் திணறும். முளைத்ததும் ஓரம் கருகும். ஒரு தட்டு அதிகம் குடிக்காது. குடிக்கிற தண்ணீரையே தெளியுங்கள், அதில் கஞ்சம் வேண்டாம்.

தட்டில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் தேங்காய் நார்த்தூளிலும் உப்பு வரும். கட்டியை ஊறவைத்து ஒரு கைப்பிடி பிழியுங்கள். வடியும் தண்ணீரில், கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் எண் எகிறும். நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி பாருங்கள். வடியும் தண்ணீரின் எண் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை விதை போடாதீர்கள். இதற்கு ஒரு பொழுது போகும், போகட்டும்.

விதையில் ஒரே கண்டிப்பு: மருந்து கலந்தது வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலச் சாயம் பூசிய விதை வயலுக்கானது. ஒரு வாரத்தில் அறுத்து வாயில் போடும் பயிருக்கு ஆகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளையும் தொடாதீர்கள், அவற்றின் இளந்தழையில் நச்சு உண்டு. முள்ளங்கி, கடுகு, வெந்தயம், சூரியகாந்தி போதும்.

அடுத்தது ஆசை. தட்டு நிறையக் கொட்டினால் நிறைய அறுக்கலாம் என்று தோன்றும். 10க்கு 20 அங்குலத் தட்டுக்கு முள்ளங்கி விதை 30 கிராம் அளவே சரி. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் நெருக்கி விதைத்த தட்டு பூஞ்சை பிடித்து அழுகிவிடும். சன்னமாக ஒரு ஃபேன் ஓடட்டும். ஆனால் வெள்ளையாகத் தெரிந்தாலே தூக்கிக் கொட்டிவிடாதீர்கள். வேரைச் சுற்றிப் பஞ்சு போல இருந்து, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, வேரில் இயல்பாக வரும் மெல்லிய முடி. சிலந்தி வலை மாதிரி தண்டுக்குத் தண்டு படர்ந்து, தெளித்தும் அப்படியே நின்றால் பூஞ்சை. அந்தத் தட்டு முழுவதும் போனதுதான், மேலாக அறுத்து விற்பது பாவம்.

விற்பனைக்கு வருவோம். ராமேஸ்வரத்தில் இத்தனை ஹோட்டல் இருக்கிறதே என்று நம்பி இறங்குகிறார்கள். இட்லியும் பொங்கலும் சாப்பாடும் போடும் கடை இதை ஏன் வாங்கும்? தங்கும் விடுதிகளின் சமையல்காரர், ஜிம்முக்குப் போகிறவர்கள், சாலட் சாப்பிட்டுப் பழகிய கீழக்கரை வீடுகள் என்று ஆளைப் பிடித்துவிட்டு விதையுங்கள். முள்ளங்கி 7 முதல் 10 நாளில் தயார். கொடுக்க வேண்டிய கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணி, வேண்டிய தட்டை மட்டும் போடுங்கள்.

மதுரைக்கு பஸ்ஸில் அனுப்புவதென்றால் ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள். போய்ச் சேருவதற்குள் கொழகொழத்துவிடும். மீன் ஏற்றிய தெர்மாகோல் பெட்டி சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தால் எத்தனை கழுவினாலும் வாடை விடாது. புதுப்பெட்டி வாங்குங்கள், ஐஸ் இலையில் படாமல் துணி சுற்றி வையுங்கள். உள்ளூர் விடுதி என்றால் அறுக்கவே வேண்டாம், தட்டோடு கொண்டுபோய் வையுங்கள். வேண்டியபோது அவர்களே நறுக்கிக்கொள்வார்கள். அடுத்த தடவை போகும்போது காலித் தட்டை வாங்கிவரலாம்.