எதில் இருபது சதவீதம்? இலாப நட்டக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

இலாப நட்டக் கணக்கைத் தப்பாகப் போட்டவர் பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் அடுத்த கேள்விக்குப் போவார். அவருக்கு வந்த எண் நான்கு விடைகளில் ஒன்றாக அங்கேயே இருக்கும். கேள்வி தயாரிப்பவர் வாய்க்கு வந்த எண்களை விடையாக எழுதுவதில்லை. எந்த இடத்தில் கால் இடறும், இடறினால் என்ன விடை வரும் என்று பார்த்து அதையும் சேர்த்து வைக்கிறார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வில் இந்தக் கணக்குகள் வரும் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள், ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். கட் ஆஃப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கேள்வியே பெரிய விஷயம்.

இந்தக் கணக்குகளில் வரும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. சதவீதம் என்று சொன்னவுடன் "எதில்?" என்று கேட்காமல் விடுவதுதான் அது.

ஒரு பையை 600 ரூபாய்க்கு விற்றதில் 20% இலாபம். வாங்கிய விலை என்ன? அவசரத்தில் 600க்கு 20% என்றால் 120, கழித்தால் 480 என்று குறித்துவிடுவோம். ஆனால் தேர்வுக் கணக்கில் இலாப சதவீதம் என்றாலே வாங்கிய விலையின் மீதுதான். வாங்கியது 100 என்றால் விற்றது 120. விற்றது 600 என்றால் வாங்கியது 500. 480ஐச் சரிபார்க்கவும் அதிக நேரம் ஆகாது: 480க்கு 20% 96, கூட்டினால் 576. 600 வரவில்லை.

கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வருபவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடையில் "இந்தப் பொருளுக்கு இருபது பர்சன்ட் மார்ஜின்" என்றால் பெரும்பாலும் விற்கும் விலையில், அதாவது எம்.ஆர்.பி.யில் இருபது. 100 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள பொருள் கடைக்கு 80க்கு வருகிறது. வியாபாரி அதை 20% என்பார். தேர்வில் அது 80க்கு 20, அதாவது 25% இலாபம். கடைக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தள்ளுபடிக்கு அடிப்படை வேறு. அது குறித்த விலையின் மீது, அதாவது பொருளின் மேல் எழுதி வைத்த விலையின் மீது கணக்கிடப்படுகிறது. ஒரே கேள்வியில் இலாபமும் தள்ளுபடியும் சேர்ந்து வந்தால் அடிப்படையும் இரண்டு என்று அர்த்தம். ஒரு வியாபாரி 10% தள்ளுபடி கொடுத்த பிறகும் 20% இலாபம் பெறுகிறார் என்றால், வாங்கிய விலையைவிட எத்தனை சதவீதம் கூட்டி விலை குறித்திருப்பார்? 20ஐயும் 10ஐயும் கூட்டி 30 என்பவர்கள் ஒரு பக்கம். இன்னும் கொஞ்சம் யோசித்து, 120க்கு 10% கூட்டினால் 132, ஆகவே 32% என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் தப்பு. வாங்கியது 100, விற்றது 120. அந்த 120 என்பது குறித்த விலையில் 90 சதவீதம். 120ஐ 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் குறித்த விலை 133⅓. விடை 33⅓%. முப்பத்திரண்டு என்று போட்டவர் பத்து சதவீதத்தை விற்ற விலையில் எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டிக் கழிப்பதும் இதே ரகம்தான். 20% தள்ளுபடி, அதன் மேல் இன்னொரு 10% என்றால் மொத்தம் 28%. இரண்டாவது பத்து, மீதி 80இல்தான் எடுக்கப்படுகிறது. 40% கூட்டி விலை குறித்து 25% தள்ளுபடி கொடுத்தால் இலாபம் 15 அல்ல: 140இல் கால் பங்கு 35 போக 105, இலாபம் 5%. இதற்குப் பயிற்சி மையங்களில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: இரண்டு சதவீதங்களையும் கூட்டு, அவற்றின் பெருக்கலை 100ஆல் வகுத்துச் சேர். நல்ல சூத்திரம்தான். ஆனால் பெருக்கும்போது தள்ளுபடிக்குக் கழித்தல் குறி போட மறந்தால் போச்சு. 40 − 25 − 10 என்று போட வேண்டியதை 40 − 25 + 10 என்று போட்டு 25% குறித்துவிட்டு வருவோம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இன்னொன்று இருக்கிறது. ஒருவர் இரண்டு செல்போன்களை ஒவ்வொன்றும் 9,600 ரூபாய்க்கு விற்கிறார். ஒன்றில் 20% இலாபம், மற்றதில் 20% நட்டம். மொத்தத்தில்? இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று முதலில் தோன்றும். முதல் போன் வாங்கியது 8,000, இரண்டாவது 12,000. மொத்தம் 20,000 போட்டு 19,200 வந்திருக்கிறது. நட்டம் 800, அதாவது 4%. விற்ற விலை சமமாக இருந்து சதவீதமும் சமமாக இருந்தால் எப்போதும் நட்டம்தான்; அந்தச் சதவீதத்தை அதே எண்ணால் பெருக்கி 100ஆல் வகுத்தால் நட்ட சதவீதம். இதைப் படித்தவர்கள் தேர்வில் 'ஒன்றில் 20% இலாபம், மற்றதில் 20% நட்டம்' என்ற வரியைப் பார்த்ததும் 4% என்று குறித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கேள்வியில் "தலா 10,000 ரூபாய்க்கு வாங்கிய இரு போன்கள்" என்று இருந்தால்? அப்போது 2,000 வந்தது, 2,000 போனது. நிஜமாகவே இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சமமாக இருப்பது வாங்கிய விலையா, விற்ற விலையா என்று பார்த்த பிறகுதான் சூத்திரத்தைத் தொட வேண்டும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. சரக்கில் மூன்றில் ஒரு பங்கை 20% இலாபத்திலும் மீதியை 10% நட்டத்திலும் விற்றால் மொத்தத்தில் என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 5% இலாபம் என்பார்கள். 300 ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100இல் 20 இலாபம், 200இல் 20 நட்டம். கையில் ஒன்றும் நிற்கவில்லை. பங்கு சமமாக இல்லாதபோது சராசரி எடுக்கவே கூடாது.

அப்புறம் "12 பேனாக்களின் வாங்கிய விலை 10 பேனாக்களின் விற்ற விலைக்குச் சமம்" வகை. வித்தியாசம் 2 என்பது எல்லோருக்கும் தெரியும். அதை 12ஆல் வகுப்பதா, 10ஆல் வகுப்பதா என்பதில்தான் தடுமாற்றம். ஒரு பேனா ஒரு ரூபாய்க்கு வாங்கியதாக வையுங்கள். 12 பேனாவின் வாங்கிய விலை 12 ரூபாய். 10 பேனா விற்றாலே அந்த 12 ரூபாய் வந்துவிடுகிறது. 10 ரூபாய்ச் சரக்கில் 2 ரூபாய், ஆகவே 20%. பன்னிரண்டால் வகுத்தால் வரும் 16⅔% விடைகளில் கண்டிப்பாக இருக்கும். "12 பேனாக்களை விற்றதில் 2 பேனாக்களின் விற்ற விலை இலாபமாகக் கிடைத்தது" என்று மாற்றிக் கேட்டாலும் பதில் 20%தான்: 12 விற்ற விலையில் 2 இலாபம் என்றால் மீதி 10 விற்ற விலைதான் 12 பேனாவுக்குப் போட்ட முதல்.

எடைக் கணக்கும் அப்படியே. வாங்கிய விலைக்கே விற்பதாகச் சொல்லி, கிலோவுக்கு 900 கிராம் மட்டும் போடுபவருக்கு இலாபம் 10% அல்ல. அவர் கையை விட்டுப் போனது 900 கிராம், மிச்சம் பிடித்தது 100. 100/900, அதாவது 11 1/9%. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற கேள்வியில் அடிப்படை தலைகீழாகிவிடும். கையில் வருவது நான்கு, அதில் ஒன்றுக்குப் பணம் இல்லை. தள்ளுபடி 25%, 33⅓ அல்ல.

செலவுகளை விட்டுவிடுவது வேறு வகைத் தவறு. இது கவனக் குறைவு, கணக்குக் குறைவு அல்ல. பழைய பைக்கை 42,000க்கு வாங்கி, 3,000 செலவு செய்து பழுது பார்த்து, 49,500க்கு விற்றால் அடக்க விலை 45,000. இலாபம் 4,500, சரியாக 10%. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எது வந்தாலும் வாங்கிய விலையோடு சேர்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அழுகிப்போன சரக்கும் இதே கதைதான். 100 கிலோ தக்காளி கிலோ 20 ரூபாய்க்கு வாங்கி 10% அழுகிவிட்டது, ஆனாலும் 17% இலாபம் வேண்டும். 2,340 ரூபாய் வர வேண்டும் என்பது வரை சரியாகப் போட்டுவிட்டு, அதை 100 கிலோவால் வகுத்து 23.40 என்பார்கள். விற்க இருப்பது 90 கிலோ. விடை 26 ரூபாய்.

"60 ரூபாய் கூடுதலாக விற்றிருந்தால் 10% நட்டத்துக்குப் பதில் 5% இலாபம் கிடைத்திருக்கும்" என்பதில் நட்டத்திலிருந்து இலாபத்துக்கு ஏறும் தூரம் 15%. 15% என்பது 60 என்றால் வாங்கிய விலை 400. பத்திலிருந்து ஐந்தைக் கழித்து 1,200 என்று போடுவதும் வழக்கமான சறுக்கல்.

தேர்வு அறையில் ஒரு சின்ன வேலை செய்யலாம். கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து, கேட்டது ரூபாயா, சதவீதமா, வாங்கிய விலையா, குறித்த விலையா என்று அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுவிடுங்கள். கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, இலாப சதவீதம் கேட்ட இடத்தில் இலாபத் தொகையைக் குறித்துவிட்டு வருவதுதான் இருப்பதிலேயே எரிச்சலான தவறு. நேரம் இருந்தால் விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், நேரமில்லாத கட்டத்தில் இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மீதியில் ஒன்றைக் குறிக்கலாம். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி., ரயில்வே தேர்வுகளில் பெரும்பாலும் தவறான விடைக்கு மதிப்பெண் போகும். அங்கே அடிப்படை எது என்று தெளிவாகாத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே மேல்.